நக்கல் பேச்சும் நான் எழுதி வைத்த நோட்டும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் என் வேலைக்கு ஐ.ஈ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், என்று பெயர். ஸ்டாப் வாட்சோடு டெய்லர் பக்கத்தில் நின்று, தோள் ஜாயின்ட் அடிக்க எத்தனை விநாடி, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை விநாடி என்று அளந்து, ஒரு பீஸுக்கு ஆகும் நிமிடக் கணக்கைப் போட வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் சரக்கு வாங்கும் பையருக்கு விலை சொல்வார்கள், லைனுக்கு டார்கெட் வைப்பார்கள், பீஸ் ரேட்டும் பேசுவார்கள். அதனால் நான் வாட்சைக் கையில் எடுத்ததுமே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "மேடம், மூச்சு உடறதுக்கும் ஒரு செகண்டு சேத்திக்கோங்க."

கொங்கு நாட்டு நக்கலுக்குச் சத்தம் கிடையாது. முகத்தில் சிரிப்பே இல்லாமல், வாய் நிறைய 'ங்க' போட்டு, நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்பார்கள். வெளியூரிலிருந்து வந்த மேனேஜர்கள் பல பேர் அதற்கு உட்கார்ந்து விளக்கம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நான் அவிநாசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். டீ டைமில் கட்டிங் டேபிளைச் சுற்றி ஓடும் பேச்சு, மெஷினில் தொடங்கி அரசாங்கத்தைத் தொட்டு மனுஷ ஜாதியின் லட்சணத்தில் வந்து முடியும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைத் திமிர் என்பார்கள், இல்லாவிட்டால் வெட்டிப் பேச்சு என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. யாரும் கருத்துக் கேட்காத ஆட்கள் தங்கள் கருத்தைச் சொல்ல அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். கேலியை எடுத்துவிட்டுப் பார்த்தால் பல சமயம் உள்ளே நறுக்கென்று ஒரு புகார் இருக்கும். அதைத் தனி நோட்டில் எழுதி வைப்பதை வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே பழக்கமாக வைத்திருக்கிறேன்.

லைன் டிராக்கிங் வந்த கதையைச் சொல்கிறேன். ஒவ்வொரு டெய்லர் மெஷினிலும் ஒரு சின்ன டேப்லெட் மாட்டினார்கள். கட்டிங்கிலிருந்து வரும் ஒவ்வொரு பண்டிலிலும் ஒரு கார்டு இருக்கும். பண்டிலை எடுக்கும்போதும் முடிக்கும்போதும் கார்டைக் காட்ட வேண்டும். யார் எத்தனை பீஸ் ஓட்டினார்கள், யார் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்கள் என்பது லைன் தலைமாட்டில் இருக்கும் பெரிய டிவியில் தெரியும். டார்கெட்டை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு.

முதல் வாரமே கட்டிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, அந்த டிவியில படம் எப்பங் போடுவாங்க? நெம்ப நாளா சேப்புக் கலரே ஓடுது." டேபிளே சிரித்தது. ஓவர்லாக் அடிக்கும் ஒரு அக்கா தன் பங்குக்கு, "பொட்டி எல்லாம் கண்டுபுடிக்குதுங்க மேடம். பண்டில் வராம நான் கைய கட்டி உக்காந்திருக்கறத மட்டும் நான் தூங்கறேன்னு நெனச்சுக்குது" என்றார்.

அன்று மதியம் அவர் மெஷினுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கையில் இருந்த பண்டிலை முடித்தார், கார்டைக் காட்டினார். அடுத்த பண்டில் வரவில்லை. கழுத்துக்கான ரிப் துணி வேறு டைலாட்டில், அதாவது வேறு தடவை போட்ட சாயத்தில், வந்திருக்கிறது, ஷேடு சேரவில்லை என்று கட்டிங்கிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அது முடிவாகும் வரைக்கும் டிவியில் அவர் பெயர் சிவப்பிலேயே இருந்தது. ரிப் எடுத்து வர ஓடிய ஹெல்பர் பையனின் பெயர் எங்கேயும் இல்லை. ஷேடு முடிவு சொல்லாமல் போனில் பேசிக்கொண்டிருந்த ஆபீஸ் ஆளின் பெயரும் இல்லை. அந்த மெஷினில் நேரத்தை வீணாக்க முடிந்த ஒரே ஆள் டெய்லர் என்று டேப்லெட்டைச் செய்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். மென்பொருள்காரரிடம் பேசி நாலு பட்டன் சேர்க்க வைத்தேன்: பண்டில் வரவில்லை, மெஷின் ரிப்பேர், நூல் மாற்றுகிறேன், கரண்ட் இல்லை. அடுத்த மாத ரிப்போர்ட்டில் சும்மா நின்ற நேரத்தில் பெரும் பகுதி டெய்லர்களின் கணக்கிலிருந்து இறங்கி, பண்டில் வராத கணக்கில் போய் ஏறியது. இதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. அந்த அக்கா சொன்ன ஒரே வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. சிரித்துக்கொண்டு சொன்னதால் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அரசியல் நக்கலும் இப்படித்தான். 2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது திருப்பூரில் சம்பளம் என்றால் சனிக்கிழமை, அதுவும் கையில் ரொக்கமாக. கரண்ட் அக்கவுண்டில் வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று உச்ச வரம்பு வந்தது. நூற்றுக்கணக்கான பேருக்கு வாரச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு அது எந்த மூலைக்கு? "நோட்டு செல்லாதுன்னு சொல்லிப்போட்டாங்க. பசி செல்லுமா செல்லாதான்னு ஒருத்தரும் சொல்லலீங்களே அம்மிணி" என்றார் மாஸ்டர். மறு வருஷம் ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது, ஜாப் ஒர்க் பில்லுக்கு அலைந்தவர்களின் பேச்சு தனி நோட்டுக்கே வரும். அதை இங்கே விடுகிறேன்.

அந்தச் சமயத்தில் அவசரம் அவசரமாக எல்லாருக்கும் பேங்க் கணக்குத் தொடங்கினார்கள். பெண்கள் பல பேருக்கு அதுதான் தங்கள் பெயரில் முதல் கணக்கு. காலர் வைக்கும் டெய்லர் ஒருத்தர் ஏ.டி.எம். கார்டை எனக்குக் காட்டி, "கார்டு எம் பேருலீங்க மேடம். பின் நம்பரு அவரு மனசுல இருக்குது" என்றார். பக்கத்து மெஷின் பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவரில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய காலத்தில் அந்தப் பணம் அவர் கையில் விழுந்தது. வழியில் மளிகைக் கடையில் பாக்கி கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு மீதியோடு வீட்டுக்குப் போவார். இப்போது சம்பளம் கணக்கில் விழுந்த அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் ஏ.டி.எம். வாசலில் நிற்கிறார். நவீன வசதி என்று நாங்கள் கொண்டுவந்தது அவர் கையிலிருந்து பணத்தைப் பிடுங்கிவிட்டது. பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களை நாலைந்து பேராக ஏ.டி.எம்.முக்குக் கூட்டிப்போய் அவரவரே பின் நம்பரை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தோம். எல்லார் வீட்டிலும் அது எடுபட்டது என்று சொல்ல மாட்டேன். சிலர் வீட்டில் சண்டையே நடந்தது.

ஆனால் நக்கலில் எனக்கு ஒத்துவராத ஒரு வகை உண்டு. "எல்லாரும் ஒண்ணுதானுங்க, மனுசன் திருந்த மாட்டான்" என்று முடிகிற வகை. கேட்க அனுபவப் பேச்சு போல இருக்கும். அதை நான் நொய்யல் ஆற்றை வைத்தே மறுப்பேன்.

எங்கள் ஊர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கிப் பல வருஷம் ஓடியது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்குக் கட்டிய அணை சாயத் தண்ணீர் தேங்கும் குளமாகிவிட்டது. தண்ணீருக்காக அணை கேட்கிற விவசாயிகளே, 'திறந்து விடாதீர்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனபோது இங்கே டீக்கடையில் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஆத்துல தண்ணியே காணோம், சாயத்தண்ணி உட்டா கேஸாமா." "ஒரு சொட்டு வெளிய உடாம சாயம் போட முடியுமுங்களா? கோர்ட்டுல இருக்கறவங்க வந்து போட்டுக் காட்டட்டும்." 2009-இல் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்போதும் நக்கல் குறையவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே நின்றுபோனது. வேலை இல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறினவர்கள் எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு முடியாது என்ற வேலை நடந்தது. சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி ஆர்.ஓ.வில் விட்டு, திரும்பச் சாயம் போடவே எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமாகும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். கரண்ட் செலவு கிலோ துணிக்குக் கூலியில் வந்து விழுகிறது. கலந்துபோன உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான். மழை நாளில் வாய்க்காலில் கலர் ஓடுகிறது என்ற புகாரும் நிற்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான பேர் தினமும் ஷிப்ட் போட்டு அந்தப் பிளான்ட்டுகளை ஓட்டுகிறார்கள். மனுசன் திருந்த மாட்டான் என்று சொல்லிச் சிரித்தவர்களின் பிள்ளைகள் சிலர் அங்கே ஆபரேட்டர் வேலை பார்க்கிறார்கள். கோர்ட்டுக்குப் போன அந்த விவசாயிகளும் அதே நக்கலைச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

இன்னொரு விஷயத்தில் நான் நேராகவே சண்டைக்குப் போனேன். அயர்னிங்கிலும் நிட்டிங்கிலும் பீகார், ஒடிசா பையன்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றிய கேலி லைனில் எப்போதும் ஓடும்: சாப்பாடு, பான், பேசுகிற தமிழ். "சும்மா வெளையாட்டுக்குங்க மேடம்" என்பார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. சில வீடியோக்களுக்கும் அந்தப் பையன்களுக்கும் சம்பந்தமே கிடையாது. பீகார் அரசு ஒரு குழுவையே விசாரிக்க அனுப்பியது. அந்த வாரம் அயர்னிங் பையன் ஒருவன் என்னிடம் போனை நீட்டினான். அம்மாவின் மிஸ்டு கால் வரிசையாக நின்றது. ஹோலிக்குப் போய்விட்டு வருகிறேன், லீவு வேண்டும் என்றான். அப்போது பக்கத்தில் நின்ற ஒருத்தர் வழக்கம்போல, "ஓடறதுக்கு முந்தி அந்த அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணிட்டு ஓடுறா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பையன் சிரித்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இதில் எது விளையாட்டு, எது மிரட்டல் என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்களுக்குள் ஓடும் நக்கலின் எல்லை எங்களுக்குத் தெரியும். பாஷை தெரியாதவனுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மறுநாள் காலை லைன் மீட்டிங்கில் எழுந்து பேசினேன். தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்த டெய்லர்கள் பல பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் இதே ஊரில் 'தெக்கத்தி ஆளுக' என்று கேலி கேட்டவர்கள்தான். அதைச் சொன்னேன். மொதலாளியையும் மந்திரியையும் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இந்தப் பையன்களை இனி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றேன். மாஸ்டர் எல்லார் முன்னாலும், "அம்மிணி சொல்றது செரி" என்றார். அந்தப் பையன் ஹோலி முடிந்து திரும்பி வந்தான். அவனோடு போன சிலர் வரவில்லை.

இப்போது எங்கள் நிட்டிங் பிரிவில் துணி செக்கிங்குக்குக் கேமரா வந்திருக்கிறது. ரோல் ஓடும்போதே ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கிறது. செக்கிங் பெண்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். "கேமராவுக்குத் தலவலி வந்தா டீ குடுப்பீங்களா மேடம்?" டியூப் லைட் வெளிச்சத்தில் நாள் முழுக்கத் துணியையே பார்த்து அவர்களுக்குச் சாயங்காலம் தலைவலி வருவதை இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை என்பது அதில் இருக்கிறது. மாஸ்டர் வேறு மாதிரி சொன்னார். "கேமரா ஓட்டையப் பாக்குமுங்க. ஏன் உழுந்துச்சுன்னு இந்தப் புள்ளைகளுக்குத்தான் தெரியும்." அது உண்மை. ஒரே நேர்கோட்டில் வந்தால் ஊசி, அங்கங்கே சிதறி வந்தால் நூலில் முடிச்சு என்று அவர்கள் துணியைத் தொட்டதும் சொல்வார்கள், ஃபிட்டர் அதைக் கேட்டுத்தான் மெஷினைப் பிரிப்பார்.

இரண்டையும் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். கேமரா வந்தாலும் செக்கிங் பெண்களில் ஒருத்தரையும் நிறுத்தக்கூடாது, குறை எதனால் வந்தது என்று பார்த்துச் சொல்லும் வேலைக்கு அவர்களையே ட்ரெய்னிங் கொடுத்துப் போட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செலவுக் கணக்கையும் சேர்த்தே கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் மறுபடியும் கேட்கப் போகிறேன்.