அம்மா எங்கே போயிருந்தாள்?

ஜூன் 10, 2025, செவ்வாய்

மேல் வீட்டுக் குழந்தை இறந்துவிட்டான். ஒன்றரை வயது. குளியலறையில் பாதி நிரம்பிய பக்கெட். காலையில் நடந்தது. மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது, சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்தெல்லாம் விசாரிக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "ஐயோ பாவமே" என்று ஆரம்பித்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அம்மா எங்க போயிருந்தா?" என்கிறார்கள். படியில் கேட்டார்கள், லிஃப்டில் கேட்டார்கள், போனில் என் நாத்தனார் கேட்டாள். அப்பா எங்கே இருந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவரும் வீட்டில்தான் இருந்தார். அடுத்த அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார்.

மூத்தவளுக்கு ஆறு வயது. அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு பக்கம் ஜடை பின்னி முடிந்திருந்தது. மறு பக்கம் முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. நான் சீப்பை எடுத்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். "அம்மா வந்து பின்னுவாங்க." ராத்திரி அவள் பெரியப்பா வந்து அப்படியே கூட்டிப் போனார்.

ஊர் கேட்கிற கேள்விக்குப் பதில் அந்தப் பாதித் தலையில் இருந்தது. கேட்டவர்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

கதை நாளொரு மேனியாக வளர்கிறது. போன் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இல்லை, தூங்கிவிட்டாளாம். அதுவும் இல்லை, புருஷன் பெண்டாட்டி சண்டையாம். சொல்கிறவர்கள் யாரும் அன்று காலை அந்த வாசல் பக்கம்கூடப் போனவர்கள் இல்லை.

இதில் அதிகம் கேட்பது, "ஒரு சத்தம்கூடவா கேக்கல?" என்பது. கேட்காது. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கத்தாது, வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருக்கும்போது எதை வைத்துக் கத்துவது? அந்த வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது தலை முன்னே சாய்ந்தால் கால் தரையை விட்டு எழும்பிவிடும். திரும்ப நிமிர கையில் பலம் இருக்காது. தண்ணீர் இருக்கிற பக்கெட் கனமாக நிற்குமே தவிர, குழந்தையோடு சேர்ந்து கவிழாது. சில சென்டிமீட்டர் ஆழம் போதும். மூச்சு நின்று சில நிமிஷத்திலேயே மூளை கெட ஆரம்பித்துவிடும். ஒரு ஜடை பின்னுகிற நேரம்.

ஜூன் 14, சனி

போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கிப் போனார்கள். வீட்டில் திடீரென்று நேர்ந்த சாவு என்றால் விசாரணை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஜீப் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அது தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. "ஒண்ணும் இல்லாமலா வருவாங்க?"

இன்னொன்றும் காதில் விழுந்தது: "அவ அழவே இல்லையே, கவனிச்சீங்களா?" இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். அவள் அழவில்லை என்பது உண்மை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்தை யாரோ தெரியாதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது அவளுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை.

இந்த அழுகைக் கணக்கைப் பற்றி நினைத்தால் ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லின்தான் ஞாபகம் வருகிறார். வீட்டுக்குள் நடந்தது இல்லை. 1980-ல் உலூருவில் முகாம் போட்டிருந்தபோது அவருடைய ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்கிற காட்டு நாய் தூக்கிப் போனது. தாய் சொன்னதை நாடு நம்பவில்லை. தொலைக்காட்சியில் கல் மாதிரி நிற்கிறாள், பெற்றவள் இப்படியா இருப்பாள் என்றார்கள். குழந்தையின் பெயருக்கே பலி என்று அர்த்தம் என ஒரு புரளி வேறு. 1982-ல் கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். குழந்தையின் மேல்சட்டை டிங்கோக்கள் திரிகிற இடத்தருகே கிடைத்த பிறகு 1986-ல் வெளியே விட்டார்கள். டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முறையாக எழுதி முடித்தது 2012-ல். முப்பத்திரண்டு வருஷம்! சரியான முகத்தோடு அழத் தெரியாததற்கு.

ஜூன் 19, வியாழன்

தம்பி காலேஜில் உளவியல் எடுக்கிறான். ராத்திரி போன் பண்ணினான், இதைப் பற்றியே பேச்சு போனது.

"அக்கா, நாமெல்லாம் நடந்த விளைவைப் பார்த்துட்டுதான் தப்போட அளவை எடுக்கிறோம்" என்றான். 1966-ல் எலைன் வால்ஸ்டர் என்பவர் செய்த ஒரு சோதனையைச் சொன்னான். ஒருவன் காரை மேட்டில் நிறுத்திவிட்டுப் போகிறான், அது தானாக உருண்டுவிடுகிறது. சிலரிடம் லேசான சேதம் என்று கதையை முடித்தார்கள், சிலரிடம் பெரிய விபத்து என்று. செய்த காரியம் ஒன்றேதான். ஆனால் சேதம் பெரிது என்று கேட்டவர்கள் அவன் மேல் அதிகப் பழி போட்டார்கள். பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அப்படியே வரவில்லை என்பதையும் அவனே சொன்னான். (அவனுடைய நல்ல குணம் அது, தனக்குச் சாதகமான பாதியோடு நிறுத்த மாட்டான்.)

அப்புறம் தாமஸ் நேகல் என்ற தத்துவக்காரர் சொன்னது. குளிக்கிற தொட்டியில் குழந்தையை வைத்துக் குழாயையும் திறந்து விட்டுவிட்டு வந்த ஒருவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்து மாடிப்படியேறி ஓடுகிறார். குழந்தை போயிருந்தால் அவர் செய்தது கொடுமை, போகாமல் இருந்தால் வெறும் அஜாக்கிரதை. ஓடுகிற அந்த நேரத்தில் தான் எது என்று அவருக்கே தெரியாது. எனக்கு இதற்கு மேல் தத்துவம் தேவைப்படவில்லை. இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அந்தப் படியில் ஓடியவர்கள்தான். குழந்தை பத்திரமாக இருந்ததால் ஓடியதையே மறந்துவிட்டார்கள்.

மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அது அப்படி இல்லை என்பது இந்த வாரம் தெரிந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ குழந்தையின் சிரித்த படத்தைப் போட்டு, கீழே "தாய்மார்களே உஷார்" என்று எழுதியிருக்கிறார்கள். விழிப்புணர்வாம். அந்தக் குழுவில் அவன் அப்பாவும் இருக்கிறார். நீக்கச் சொன்னேன். நீக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அதற்குள் கைகூப்பிய பொம்மைகளாகக் குவிந்துவிட்டன.

ஜூன் 28, சனி

எழுத வேண்டும் என்று சொன்னது இதுதான். சொன்னவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலில் வந்தது ஒரு பெரியம்மா. முதல் நாளிலிருந்து "எங்க காலத்துல நாங்க வளக்கலையா" என்று படிக்கட்டு அதிரப் பேசியவர். ஏதோ கேட்க வந்தவர் போல வந்து, கதவைச் சாத்திவிட்டு, "உங்கிட்ட மட்டும் சொல்றேன்" என்றார். அவர் பெரிய பையன் இரண்டு வயதில் மாமியாரின் தூக்க மாத்திரையை மிட்டாய் என்று தின்றுவிட்டானாம். இன்னும் அரை மணி விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார்களாம். "நான் அடுப்படியிலதான் இருந்தேன். நாலு எட்டு." அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பெரியம்மா அதைச் சொல்லும்போது கை நடுங்கியது.

அடுத்து ஒரு அண்ணன். அவர் மகள் பால்கனிக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஏறி, கம்பிக்கு மேல் இடுப்பு வரை சாய்ந்திருந்தாள். இவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஐந்து வருஷம் ஆகிறது. மனைவிக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்புறம் இன்னும் சிலர். கட்டிலிலிருந்து விழுந்தது, இழுப்பறையில் கால் வைத்து ஏறி அலமாரியோடு சாய்ந்தது, ரிமோட்டின் பட்டன் பேட்டரி வாயில் இருந்தது. எல்லாமே தணிந்த குரலில், "வெளிய சொல்லிடாத" என்ற முடிவோடு.

எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. பால்கனி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டிய செய்தி அந்த நாற்காலி. சாவு நடக்காத இந்தக் கதைகள் எல்லாம் வெளியே வந்தால் எத்தனை பேருக்கு உதவும்! வராது. ஏனென்றால் வந்தால் என்ன ஆகும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேல் வீட்டுக்காரிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள், அதை நடத்துகிறவர்களும் இவர்கள்தான். உரக்கத் திட்டுகிறவர் வேறு, ரகசியமாக நடுங்குகிறவர் வேறு என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே ஆள். அவள் கெட்டவள் என்று ஆகிவிட்டால் நமக்கு அது நடக்காது. அந்த நிம்மதிக்காகத்தான் இத்தனை சத்தம்.

ஜூலை 9, புதன்

"அப்ப கவனமா இருக்க வேண்டாங்கறியா?" என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள். கவனம் வேண்டும்தான். ஆனால் இரண்டு குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இமைக்காமல் இருக்க ஒரு மனுஷியால் முடியாது. கண் நகரும் என்பதை ஒப்புக்கொண்டவர்கள்தான் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ் கதவையே பாருங்கள். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுக்கு வெளியே கொக்கித் தாழ்ப்பாள் இருக்கும். ஒளிந்து விளையாடப் பழைய ஃப்ரிட்ஜுக்குள் புகுந்த பிள்ளைகள் திறக்க முடியாமல் மூச்சடைத்து இறந்தார்கள். அப்போதும் பெற்றவர்களைத் திட்டியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்காவில் 1956-ல் உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற மாதிரிதான் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. கதவு ஓரத்து ரப்பருக்குள் காந்தம் வைத்தார்கள். இன்று நம் வீட்டுக் கதவில் இருப்பது அந்தக் காந்தம்தான்.

மருந்து பாட்டிலை அமுக்கித் திருகினால்தான் திறக்கும், பெரியவர்களே எரிச்சலோடு திறக்கிற மூடி. அதைக் கொண்டுவந்தவர் ஹென்றி ப்ரோ என்ற கனடா குழந்தை மருத்துவர், 1967-ல். விஷம் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்த மூடி எனக்கே திறக்கலைன்னு எத்தனை நாள் அவனைத் திட்டியிருக்கேன்" என்று சிரித்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நியூயார்க்கில் குழந்தைகள் இருக்கிற அடுக்குமாடி வாடகை வீடுகளின் ஜன்னலுக்குக் கம்பித் தடுப்பு வேண்டும் என்று 1976-லேயே விதி வந்துவிட்டது. அப்படியும் 1991-ல் அதே நகரத்தில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் நாலு வயது மகன் 53-வது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். கிளாப்டன் பின்னால் ஜன்னல் தடுப்புக்காக விளம்பரத்தில் வந்து பேசினார். அந்த மனுஷன் அதை எப்படிப் பேசி முடித்தாரோ!

பக்கெட்டுக்குக் காந்தமும் இல்லை, மூடியும் இல்லை. காலி பண்ணிக் கவிழ்த்து வைப்பது, குளியலறைக் கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான்.

ஜூலை 25, வெள்ளி

இன்று உலக நீர்மூழ்கல் தடுப்பு நாள். ஐ.நா. 2021-ல் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அந்த ஒரே வருஷத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள்.

கீழே ஹாலில் முதலுதவி வகுப்பு வைத்தோம். அந்தப் பால்கனி அண்ணன்தான் முன்னால் நின்று ஏற்பாடு செய்தார். சொல்லிக்கொடுத்த நர்ஸ், பொம்மையின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் போனவர்களைத் தடுத்தார். தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தைத் தின்னும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு மார்பை அழுத்த வேண்டும், இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வந்தவர்களில் ஆண்கள் அதிகம் இருந்தது ஆச்சரியம். மேல் வீட்டு அப்பாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்றார், பொம்மையிடம் வரவில்லை, கடைசி வரை இருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேச்சு அடங்கிவிட்டது. இப்போது நடப்பது வேறு. அவள் லிஃப்டுக்கு வந்தால் நிற்பவர்கள் படியேறிப் போகிறார்கள். மூத்தவளோடு விளையாட வேண்டாம் என்று இரண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்று மேலே போயிருந்தேன். அவளாகவே பேசினாள்.

"எல்லாரும் வந்து 'உன் தப்பில்லம்மா'ங்கறாங்க, அக்கா. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அதுவும் அதே பேச்சுதானே? தப்பு யாரோடதுங்கற பேச்சு. அவனைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. பேரைச் சொன்னாலே நான் உடைஞ்சிடுவேன்னு பயப்படறாங்க."

நான் பேரைச் சொன்னேன். எங்கள் வீட்டுச் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய் அவர்கள் வாசலில் அடுக்கி வைப்பானே, அதைச் சொன்னேன். "உங்க வீட்டு நீலச் செருப்பு இன்னும் இங்கதான் இருக்கு" என்றாள். ஒற்றைச் செருப்பு. திருப்பித் தர எழுந்தாள், இருக்கட்டும் என்றேன். அப்புறம் நிறைய அழுதாள், நிறையப் பேசினாள்.

மூத்தவளை நீச்சல் வகுப்பில் சேர்க்க அவளுக்கு ஆசை. மாமியார் கூடாது என்கிறாராம், ஊர் என்ன சொல்லும் என்று. கணவர் பணம் கட்டிவிட்டார். ஆனால் குளத்தோரம் போய் நிற்க இருவருக்கும் தைரியம் இல்லை. வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.