அப்பா கொடுத்த இரண்டு வழிகள்

தெரேசா டீவியின் 'ஸ்பெயின் அரசனின் மகள்' நாடகம் 1935இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், அபே அரங்கில் மேடையேறியது. எழுதியவர் வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த, காது கேட்காத பெண். சின்ன ஓரங்க நாடகம்தான், ஆனால் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

சாலை வேலை செய்யும் அப்பா மகள் ஆனியிடம் சொல்கிறார்: ஜிம்மைக் கட்டிக்கொள், இல்லையென்றால் ஐந்து வருடம் தொழிற்சாலை வேலைக்குக் கையெழுத்துப் போடு. எதிர்த்துப் பேசினால் அடி. இரண்டு வழியும் அவர் கொடுத்ததே, அவளுடையது என்று ஒன்றுமில்லை. அப்பாவின் கையிலிருந்து கணவனின் கைக்கு. அதற்குப் பெயர் கல்யாணம்!

ஜிம் கெட்டவனும் இல்லை. கல்யாணத்துக்காக வாராவாரம் இரண்டு ஷில்லிங் சேர்த்தவன். அந்தக் கணக்கைப் பார்த்த ஆனி, இவனுக்குப் பொறாமை வந்தால் என் கழுத்தையே அறுப்பான் என்று பூரிக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு உடம்பே நடுங்கியது. ஆபத்தைக்கூடக் காதலாகக் கற்பனை செய்துகொண்டால்தான் அந்த வாழ்க்கைக்குள் அவளால் நுழைய முடிகிறது.

நாடகத்துக்கு வெளியிலும் இதே கதிதான். கல்யாணமானால் பெண் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி அயர்லாந்தில் 1973 வரை இருந்தது. டீவியை இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டும்.