ஏஐ வேணும்னா முதல்ல எந்த வேலைக்குன்னு சொல்லுங்க

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்து எந்த மீட்டிங் போனாலும் "நாமளும் ஏஐ பண்ணணும்"னு யாராவது ஆரம்பிச்சிடுறாங்க, எதுக்குன்னு கேட்டா பதில் இருக்காது. டூல் வாங்குறது பெரிய விஷயமே இல்ல. எந்த வேலை திரும்பத் திரும்ப நடக்குது, அதுல தப்பு வந்தா யாரு கண்டுபிடிப்பாங்க, இந்த ரெண்டும் தெரியாம இறங்கினா காசக் கரியாக்குறதுதான்.

இன்வாய்ஸ் எடுத்துக்கோங்க. பிடிஎஃப்ல இருந்து தேதி, தொகை எல்லாம் ஏஐ எடுத்துக் குடுத்துடும், அத பர்சேஸ் ஆர்டரோட ஒப்பிட்டு பொருந்தாதத மட்டும் அக்கவுண்ட்ஸ் ஆள்கிட்ட தள்ளுற மாதிரி வச்சா தப்பு பெரும்பாலும் அங்கயே மாட்டிக்கும். அதே ஏஐய நேரா கஸ்டமர் முன்னாடி உக்கார வச்சா கத வேற. ஏர் கனடா விமானக் கம்பெனியோட சாட்பாட் (கஸ்டமர் கேள்விக்குத் தானா பதில் சொல்ற ப்ரோகிராம்), குடும்பத்துல யாராவது இறந்துட்டா ஊருக்குப் போறவங்களுக்கான கட்டணச் சலுகைய டிக்கெட் எடுத்தப்புறமும் கேக்கலாம்னு தப்பா சொல்லிடுச்சு. சாட்பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கம்பெனி வாதாடிப் பாத்துச்சு (இதுக்கும் ஒரு தில்லு வேணும்), 2024 பிப்ரவரியில தீர்ப்பாயம் பயணிக்குப் பணம் குடுக்கச் சொல்லிடுச்சு.

அப்புறம் டேட்டா. 2023ல சாம்சங் ஆளுங்க வெளிய போகக்கூடாத சோர்ஸ் கோடையே (சாஃப்ட்வேரோட மூல நிரல்) சாட்ஜிபிடில போட்டுட்டாங்க, கம்பெனி இந்த மாதிரி டூலையெல்லாம் தடை பண்ண வேண்டியதாப் போச்சு. எத போடலாம், எத போடக்கூடாதுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சுட்டு ஒரே ஒரு டீம்ல ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி இப்ப ஒரு இன்வாய்ஸுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சு வைங்க, நிறைய பேர் இத விட்டுட்டு அப்புறம் லாபமா நஷ்டமான்னு தெரியாம முழிக்கிறாங்க.