91 மதிப்பெண்ணும் மேடேறிய காரும்

சேலத்தில் பொறியியல் முதலாண்டு படித்தபோது மெக்கானிக்ஸ் பாடத்தில் 91 மதிப்பெண் பெற்றேன். முதுநிலைப் பொறியியலுக்கான கேட் (GATE) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாளில் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றையொட்டிக் காரை நிறுத்தியிருந்தோம், பதினோராம் வகுப்பில் படித்த சித்தப்பா மகள், "அண்ணா, வழுக்காமல் நிற்கிறதே, உராய்வு விசை எவ்வளவு?" என்றாள். எடை 10,000 நியூட்டன், இருபதுக்கு ஒன்று சரிவு, உராய்வுக் கெழு 0.6, நான்கு சக்கரங்களும் பூட்டியவை என்று கொண்டு, பழகிய கையால் கெழுவைச் சாலை காரைத் தாங்கும் செங்குத்து விசையால் பெருக்கி ஏறத்தாழ 6,000 நியூட்டன் என்றேன். "எடை கீழே இழுப்பது 500 தானே, அப்படியானால் கார் தானே மேலே ஏறிவிடாதா?" என்று கேட்டாள். நான் சொன்னது உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு; அங்கே செயல்பட்டது வெறும் 500. இவ்வகைக் கணக்குகளை நூறு முறையாவது போட்டிருப்பேன்.

கணக்குப் போடத் தெரிவதற்கும் கருத்துப் புரிவதற்கும் இடையிலான இந்த இடைவெளியை அளப்பதற்கென்றே கருத்துப் புரிதல் சோதனைகள் உள்ளன. அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனெஸ் குழுவினர் 1992-இல் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனையில் கணக்குப் போடும் வேலையே இல்லை; தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் பிழையான எண்ணங்களாக இருப்பதால், ஊகித்துத் தப்புவது கடினம். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் அதை எழுதவைத்து, கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணில் எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள்: 40 விழுக்காடு 55 ஆனால் 60-க்கு 15, அதாவது 0.25. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்களை விவாதிக்கவைத்த வகுப்புகளின் சராசரி 0.48.

தங்கையின் அந்தக் கேள்விக்குப் பின் ஒவ்வொரு கணக்கிலும் சூத்திரத்தைத் தொடுமுன், விடை எந்தத் திசையில் இருக்கும், எதைவிடப் பெரிதாக இருக்க முடியாது, ஏன் என்று இரண்டு வரி எழுதத் தொடங்கினேன். விடை சரியாகி அந்த வரிகள் தவறானால் சிவப்பு மையில் குறித்தேன்; தவறான விடைகளைவிட அந்தக் குறிகளே எனக்குப் பயன்பட்டன. நேரம் அதிகம் பிடிக்கும், ஆகவே தேர்வுக்கு முந்திய வாரத்தில் தொடங்குவோருக்கு இது உதவாது. நண்பர் ஒருவரிடம் வாய்விட்டு விளக்குவது இன்னும் நல்லது, அவர் எளிதில் தலையாட்டாதவராக இருந்தால்.

வளைவில் திரும்பும் பேருந்தில் பயணியை வெளிப்புறம் தள்ளும் விசை எது என்ற கேள்வியில் மட்டும் மூன்று முறை சறுக்கினேன். சாலையோரத்தில் நின்று பார்ப்பவருக்கு அப்படியொரு விசையே இல்லை. உடல் நேராகப் போக முயல, பேருந்துதான் உள்நோக்கித் திரும்புகிறது. ஏற்காட்டுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளர்ந்த உடம்பு இதை இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.