மெய்யழகன்: தியேட்டரிலும் வீட்டிலும்

‘மெய்யழகன்’ (2024) பேச்சாலேயே நகரும் படம். பெரும்பகுதி ஒரே ராத்திரி. வெளியான சில நாளில் சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். வெட்டியிருக்கவே வேண்டாம், அந்த நிதானம்தான் படத்தின் உயிர்.

காரைக்குடி தியேட்டரில் வசனம் தெளிவாக விழும். வீட்டில் அப்படி இல்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுச் சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாம் சேர்ந்து பேச்சை எதிரொலியில் குழப்பிவிடும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். டிவிக்கு முன்னால் கனமான ஜமுக்காளம் விரியுங்கள், நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போடுங்கள். தனி ஸ்பீக்கர் இல்லையென்றால் பல ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை விட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ ஒலியைத் தேர்ந்தெடுங்கள். வளவுக் (நடுமுற்றத்துக்) கதவைச் சாத்தாவிட்டால் பகல் வெளிச்சத்தில் ராத்திரிக் காட்சி ஒன்றும் தெரியாது. அசைவை மழமழவென்று ஆக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற டிவி வசதியையும் அணையுங்கள். இல்லையென்றால் அரவிந்த்சாமி முகம் டிவி சீரியல் மாதிரி வழுக்கும்.