மேவ் எப்போது பொய் சொல்ல ஆரம்பித்தாள்? மூன்று வாரம், ஒரு சுவர், பாதித் தோல்வி

நேற்று ராத்திரி சுவரிலிருந்து நாற்பது அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன். அந்த எரிச்சலில் எழுதுகிறேன். சிகாகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டன் துப்பறியும் ஜிம் பட்சரின் டிரெஸ்டன் ஃபைல்ஸ் நாவல் வரிசையில் 14வது புத்தகத்தைத் தாண்டாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். கதையைப் போட்டு உடைக்காமல் இதைப் பேச வழியில்லை.

2012இல் வந்த அந்த 14வது புத்தகம் கோல்ட் டேஸில், ஆளுக்குள் தொற்றி ஆட்டிவைக்கும் நெமிசிஸ் என்ற சக்தி வெளியே வந்ததிலிருந்து நாம் எல்லோரும் ஒரே விளையாட்டுத்தான் ஆடுகிறோம்: பழைய புத்தகங்களுக்குள் போய் ‘இவனுக்கும் தொற்று, அவளுக்கும் தொற்று’ என்று முத்திரை குத்துவது. முதல் புத்தகத்து வில்லன் விக்டர் செல்ஸில் தொடங்கி ஒருவரையும் விடவில்லை. எனக்கு அது அலுத்துவிட்டது. கெட்டது செய்தவனையெல்லாம் நெமிசிஸ் கணக்கில் எழுதினால், சாமி வந்து ஆடினவன் கடையை உடைத்துவிட்டு ‘நானா செஞ்சேன்?’ என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். கையில் பிடிக்கிற மாதிரி ஓர் அளவுகோல் வேண்டும் என்று தோன்றியது.

அளவுகோல் புத்தகத்திலேயே இருக்கிறது. மேவ் குளிர்கால அரசவையின் இளைய ராணி, ஃபே என்ற மாய இனத்தைச் சேர்ந்தவள். ஃபே இனத்தார் வாயால் பொய் சொல்ல முடியாது. தொற்று ஏறினால் முடியும். 14வது புத்தகக் கடைசியில் கோடைகால அரசவையின் இளைய ராணி லில்லி செத்ததே, மேவ் பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பியதால்தான். தொற்றின் வழியும் தெரியும்: 3வது புத்தகத்தில் ரத்தக்காட்டேரி பியாங்காவின் விருந்தில், ஹாரியின் ஞானத்தாயான ஃபே லீயின் கைக்கு வந்த கத்தி, லீயிடமிருந்து மேவ். அப்படியானால் 4வது புத்தகத்தில் மேவ் முதன்முதலாக வந்து நிற்கும்போதே அவளுக்குள் அது இருந்ததா? அவள் சொல்லும் ஒரே ஒரு பச்சைப் பொய் கிடைத்தால் போதும், தேதி குறித்துவிடலாம்.

மேவ் பேசும் வசனம் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் அட்டை. அட்டை வாங்கிய இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வெட்டி ஒதுக்கிய ஓரத்துண்டுகள். கிலோ கணக்கில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் வழவழப்பு, அதில் ஜெல் பேனா இழுகும், பால்பாயின்ட்தான் சரி. சில அட்டைகளின் மூலையில் பாதிப் பிள்ளையார் இருக்கிறார். மேவின் வசனத்துக்கு மேலே அவர் உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிரிப்பதில்தான் உயிர் போனது. முதலில் நான்கு வகை போட்டேன்: கேள்வி, கட்டளை, ‘இப்படியானால் அப்படி’ என்ற நிபந்தனை, நேர்க்கூற்று. பொய்யாக இருக்க முடிவது கடைசி வகை மட்டும். சலித்துப் பார்த்தால் பத்து அட்டைக்கு இரண்டுகூடத் தேறுவதில்லை. ஃபே இனத்தார் பேசும் லட்சணம் அப்படி: கேட்டதற்குக் கேள்வியால் பதில், பதிலுக்கு நடுவே ஒரு வசை, கடைசியில் ஒரு பேரம். அடுத்து வேஷம். மேவின் அம்மா, குளிர்கால ராணி மேப், 4வது புத்தகத்தில் ஹாரியின் அலுவலகத்துக்குச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து உட்காருகிறாள். அது பொய்யா? இல்லை. வாய் பொய் சொல்லவில்லை, உருவம் சொல்கிறது. விதி வாய்க்கு மட்டும்தான். இந்த ஒரு விஷயத்துக்கு நான்கு நாள் போயிற்று. சிரிக்காதீர்கள்.

8வது புத்தகத்தில் வேறு சனி. இணையத்தில் பழைய பிரதி வாங்கினேன், நடுவில் முப்பது பக்கம் கழன்று போயிருக்கிறது. மெக்கனாலி பாரில் லில்லியும் மேவும் ஹாரியோடு உட்கார்ந்து பேசும் இடத்தில் பாதி அதில்தான் போயிற்று. விற்றவரிடம் கேட்டால் ‘பழசுன்னா அப்படித்தான் சார்’ என்று பதில். மின்நூல் வாங்கி முடித்தேன். மின்நூலில் தேடினாலும் சுகமில்லை: மேவ் என்ற பெயர் வரும் இடம் கிடைக்கும், பேர் இல்லாமல் ‘அவள் சொன்னாள்’ என்று வருவதெல்லாம் நழுவிவிடும்.

மூன்று வாரக் கடைசியில் 4லும் 8லும் சத்தியம் பண்ணும்படி ஒரு பொய்கூடக் கையில் இல்லை. சந்தேகத்துக்குரியவை நாற்பது. அதை வைத்துக்கொண்டு ‘8வது புத்தகம் வரை மேவ் சுத்தம்’ என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டினேன். தம்பி காபியோடு வந்து நின்று படித்தான்.

“அண்ணே, பொய் சொல்லத் தெரிஞ்சவன் எல்லா நேரமும் பொய்யே சொல்லுவானா?”

அவ்வளவுதான். அவன் இரண்டு புத்தகத்துக்கு மேல் படித்ததில்லை. பொய் அகப்பட்டால் தொற்று உறுதி. அகப்படாவிட்டால் ஒன்றும் உறுதியில்லை. பல வருஷம் மறைந்திருக்க நினைக்கிறவள், ஊருக்கே தெரிந்த விதியை முதல் நாளே மீறுவாளா என்ன? அதற்கு மேல் இன்னொரு குழி: தப்பாக நம்பி உண்மை என்றே சொன்னது பொய்யாகாது. என் நாற்பதும் அந்தக் குழியில் விழுகிற சரக்கு. பிடுங்கிவிட்டேன்.

ஆனால் அளவுகோலை விட மாட்டேன். பொய்யைத் தேடுவதற்குப் பதிலாக, மேவ் தன் இயல்புக்கு விரோதமாக நடக்கும் இடங்களைத் தேடலாமா என்று பார்க்கிறேன். பட்ட கடனை அடைக்காமல் விடுவது, பேரத்தில் கை நழுவவிடுவது, இப்படி. லீயை 8வது புத்தகத்தில் மேபின் கோட்டையான ஆர்க்டிஸ் டோரில் பனிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அவளிடம் தொடங்கினால் ஒப்பிட ஆள் கிடைக்கும்.

அதை முடிக்காமலே மஞ்சள் அட்டையில் வேறொன்று தொடங்கிவிட்டேன். மந்திரவாதி பக்கத்தில் வந்தால் மின்சாதனங்கள் கெடுகின்றன. முன்னொரு காலத்தில் அதே சக்தி பாலைத் திரியவைத்தது என்று ஹாரி சொல்கிறான். அப்படியானால் இந்த விதி காலத்துக்குத் தகுந்து மாறுகிறது, யாரோ மாற்றுகிறார்கள் அல்லது ஊர் நம்பிக்கை மாற்றுகிறது. பழுதான லிஃப்ட், அணைந்த விளக்கு எல்லாவற்றையும் முதல் புத்தகத்திலிருந்து குறித்து வருகிறேன். மஞ்சள் அட்டை தீர்ந்துவிட்டது. பத்திரிகைக் கடைக்காரர் ஆவணியில் முகூர்த்தம் அதிகம், அப்போது வா என்கிறார்.