ஒரே சுவிட்சில் கமெராவும் கணக்கும்

வன்னியில் நான் பராமரித்துவரும் வணிக வலையமைப்புகள் பலவற்றுக்கு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். ஆலையையோ கடையையோ இங்கே தம்பியோ மருமகனோ நடத்த, கனடாவில் இருப்பவர் வேலை முடிந்து வந்து கைத்தொலைபேசியில் கமெராவைப் பார்ப்பார். அதற்காகவே முதலில் இணைய இணைப்பு எடுக்கப்படுகிறது. பற்றுச்சீட்டு அடிக்கும் கணினியும் கணக்கு மென்பொருளும் பிறகு வந்து, கமெராக்களைக் கம்பியால் இணைத்திருக்கும் அதே வலையமைப்புப் பெட்டியில், அதாவது சுவிட்சில், சேர்ந்துகொள்கின்றன. ஆகவே இங்கு பாதுகாப்பு வேலையைக் கமெராவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் உள்ள அரிசி ஆலை ஒன்றின் ரவுட்டரைப் பார்த்தபோது, கமெராப் பதிவுக் கருவிக்கு வெளியிலிருந்து நுழையும் வாசல்களான போர்ட்டுகள் இணையத்தில் எவரும் தட்டக்கூடியவாறு திறந்து விடப்பட்டிருந்தன. கருவியின் கடவுச்சொல், பெட்டியோடு வந்த 12345. அதே சுவிட்சில்தான் நெல் கொள்வனவுக் கணக்கு இருந்தது: விவசாயிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் அதில். நிலைமையை விளக்கியபோது உரிமையாளர் தொலைபேசியில், “என்ர கமெராவில நெல்லு மூட்டையைத் தவிர என்ன தம்பி இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே வருபவருக்கு நெல் மூட்டை தேவையில்லை. பக்கத்துக் கணினிக்குப் போக ஒரு படியோ, வேறெவரையோ தாக்க ஒரு கருவியோ போதும். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து வைத்திருந்தது. அவற்றைக் கொண்டே அந்த ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் திணறடிக்கப்பட, ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமற் போயின.

ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகள்போல இயங்கவைக்கும் வீ-லான் முறையில் அதை மூன்றாகப் பிரித்தோம்: கமெராக்கள் ஒன்றில், கணக்குக் கணினிகள் ஒன்றில், வைபையில் வரும் கைத்தொலைபேசிகள் மற்றொன்றில். கமெராப் பக்கத்திலிருந்து கணக்குப் பக்கத்துக்கோ இணையத்துக்கோ தானாக எதுவும் போக முடியாதபடி ரவுட்டரில் விதி எழுதினோம். திறந்திருந்த போர்ட்டுகளை மூடி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வயர்காட் வி.பி.என். என்ற மறைகுறியாக்கப்பட்ட தனிவழியை மட்டும் வைத்து, அதில் நுழைய ஆளுக்கொரு மின்னணுச் சாவி கொடுத்தோம். கடவுச்சொல்லையும் மாற்றினோம்.

இந்த ஊரில் மின்னலும் ஒரு எதிரிதான். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழையில், முற்றத்துக் கம்பங்களில் ஓடும் செப்புக் கம்பி மின்னதிர்ச்சியை நேரே சுவிட்சுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடியிழைக் கம்பி போட்டதற்கு அதுவே முதற் காரணம். செப்பு ஈதர்நெட் கம்பி 100 மீற்றருக்கு மேல் செல்லாது என்பது அடுத்தது. விசிறியுள்ள சுவிட்சுக்குள் உமித்தூசி அடை அடையாகப் படிந்திருந்ததால், விசிறியில்லாத ஒன்றை வாங்கி மூடிய பெட்டிக்குள் வைத்தோம்.

கமெராவைப் பார்க்குமுன் வி.பி.என். பொத்தானை அழுத்த வேண்டியிருப்பது கனடாவில் இருப்பவருக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் மேற்பார்வையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, மற்றவர்களுக்கு எந்த இடையூறும் இல்லாமல் அவருடைய சாவியை மட்டும் நீக்கியதை நேரில் பார்த்த தம்பி, பழையபடி போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லும் அண்ணனுக்கு இப்போது தானே மறுப்புச் சொல்லிவிடுகிறார்.